தேயிலைத் தட்டில் வந்த தாலி

ஒரு தகரத் தட்டு என் மகளின் கல்யாணத்தை நிறுத்திவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். சாப்பாடு இறங்காத அளவுக்கு நம்பினேன். என்னை நேரில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று புரியும்.

அதனால்தான் கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, கேமரன் மலையில் கோலா தெர்லா என்ற ஊரில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த என் லாரியில், தட்டை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தள்ளி, அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் இருக்கை, இருக்கையின் மேல் என் முழு உடம்பு என்று பலத்த பாதுகாப்போடு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே தூறல். தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. எப்போதும் இறங்கி வந்து கோஸைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்கிற நான் அன்று இறங்கவே இல்லை என்பதால், தோட்டத்துச் சீன முதலாளியான தவுக்கே கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். வயிற்று வலியா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் என் லாரி பள்ளத்தில் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் இவ்வளவு பயந்தாங்கொள்ளியா?" என்று கேட்ட வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது வெறும் லாரி. இது சம்பந்தி.

தட்டு என்றால் என்ன தட்டு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கல்யாணத்துக்கு ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் முன்னால் நின்று வாக்குக் கொடுத்து, மாலை மாற்றி, தாலி கட்டிக்கொள்வார்கள். சீர்திருத்தத் திருமணம் என்று இந்த நாட்டில் பல இடங்களில் நடப்பதுதான். எங்களிடம் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு.

தாலி வைத்த தட்டைச் சபை முழுவதும் சுற்றிக் கொண்டுபோய், எல்லோரும் தொட்டு வாழ்த்திய பிறகு மேடைக்குக் கொண்டுவருவது கணவனை இழந்த ஒரு பெண். வேறு யாரும் தூக்கக் கூடாது.

தட்டும் வெள்ளியோ பித்தளையோ இல்லை. தொழிற்சாலையில் காய்ந்த தேயிலையைப் பரப்பித் துரைக்குக் காட்டுவதற்கு வைத்திருந்த பழைய தகரத் தட்டு. ஓரம் நெளிந்திருக்கும். நடுவில் துரு. மோந்து பார்த்தால் இன்னமும் தேயிலை வாசனை வரும் என்று சொல்வார்கள். நான் மோந்து பார்த்திருக்கிறேன். துரு வாசனைதான் வருகிறது. ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "ஆமா, தேயிலதான்" என்று நானும் சொல்லிவிடுவேன்.

வெகு காலமாக அந்தத் தட்டைத் தூக்குவது என் சொந்த அக்கா, சரசு.

சங்கம் வந்த கதை

இது ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய சமாச்சாரம். எந்த வருஷம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. துரை மோட்டார் சைக்கிளில் வந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த மோட்டார் சைக்கிளின் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கீழே ஈப்போ பக்கமிருந்து மலைக்கு ஆட்கள் வருவார்களாம். சாமான் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, வேலை முடிந்த சாயங்காலத்தில் லயத்துக்கு முன்னால் நின்று பேசுவார்கள். சாதி வேண்டாம், கள் வேண்டாம், ஐயர் வேண்டாம், புருஷன் செத்த பெண்ணை மொட்டையாக மூலையில் உட்காரவைக்க வேண்டாம். படிக்கத் தெரிந்த ஒருவன் மண்ணெண்ணெய் விளக்கில் பத்திரிகையை உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாத எல்லோரும் விவாதம் பண்ணுவார்கள். அப்படித்தான் எங்கள் எஸ்டேட்டிலும் ஒரு சீர்திருத்தச் சங்கம் முளைத்தது.

எங்கள் ஆட்கள் சொன்னதை அப்படியே கேட்கிறவர்கள் இல்லை. பேச்சாளர்கள் சாமியும் வேண்டாம் என்றார்களாம். இவர்கள் ஐயரை மட்டும் விட்டுவிட்டுச் சாமியை வைத்துக்கொண்டார்கள். கள்ளை நிறுத்துவதாகச் சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தைக் கொண்டாடக் கள்ளுக்கடைக்குப் போனார்கள். திருந்துவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போன புண்ணியவான்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நின்றார்கள்.

ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஓர் இளம் பெண்ணின் புருஷன், வந்த சில மாதங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டான். செடிக்குக் கவாத்து வெட்டும் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். சங்கம் கட்டிவைக்கிறோம் என்றது. கோயில் சாவி, ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி கையில் இருந்தது. தாலி அறுத்தவளுக்கு மறுதாலி கட்டக் கோயில் தட்டைத் தர முடியாது என்று பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவன் சட்டைக்குள் செருகி இந்தத் தகரத் தட்டைக் கொண்டுவந்தான். தட்டு வந்துவிட்டது. தூக்கத்தான் ஆள் இல்லை. புருஷன் உள்ள பெண்கள் ஒருத்தியும் கிட்டே வரவில்லை. தொட்டால் தங்கள் தாலிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். சங்கத்து ஆண்களோ, அதுவரை மேடையில் முழங்கியவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் ஒரு பாசம் வரும். என் ரத்தம்.

கூட்டத்தின் பின்னால் நின்ற வேறொரு விதவைப் பெண் முன்னால் வந்து கையை நீட்டினாளாம். "எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல. குடு இங்க."

அவ்வளவுதான். அவள் தூக்கினாள். தாலி ஏறியது. அந்தத் தம்பதி நன்றாக வாழ்ந்து, பிள்ளைகள் பெற்று, அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் எனக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். தட்டைத் தூக்கியவளின் பெயர் மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. படமும் இல்லை. சங்கத்தின் பலகைகூடப் பிற்காலத்தில் யாரோ வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிட்டது. தட்டும் அந்த வழக்கமும்தான் மிச்சம். அந்தக் கங்காணியின் வாரிசு ஒருவன் என்னோடு கேரம் விளையாடுகிறான். அவன் கல்யாணத்திலும் இதே தட்டுதான்.

என் கல்யாணத்துக்குத் தட்டைத் தூக்கியது அக்கா. அத்தான் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வேண்டாம், என் கை படக் கூடாது, நான் வரவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். லயத்துப் பெண்கள் கதவைத் தட்டித் தட்டி, வெளியே அழைத்து வந்து, கையில் தட்டை வைத்துவிட்டார்கள். அவள் என் முன்னால் வந்து நின்றபோது தட்டு நடுங்கியது. தாலி தகரத்தில் உரசி ஒரு சின்னச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தோடுதான் என் குடும்பம் தொடங்கியது.

இவ்வளவும் தெரிந்த ஆள்தான் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாயடியில் ஒரு சம்பந்தி

என் மகள் மலர், தெலுக் இந்தானைச் சேர்ந்த சரவணனை விரும்பினாள். நல்ல பையன். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற தொழில். எப்போதும் குளிரடிக்கும் கேமரன் மலையில் பெண் எடுக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத தொழில் இருக்க முடியாது என்று சொல்லி நான்தான் முதலில் சிரித்தேன்.

அவனுக்கு அப்பா இல்லை. அப்பாவின் அண்ணன்தான் எல்லாம். பெரியப்பா என்றால் சாதாரணப் பெரியப்பா இல்லை. மீசையே தனியாக ஒரு சம்பந்தி மாதிரி இருக்கும். ஊரில் கோயில் கமிட்டியில் பெரிய பொறுப்பு.

நிச்சயத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு வெளியே, குழாயடியில், குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா உள்ள வரலையா?" என்று கேட்டேன்.

"தட்டு மாத்தி முடியட்டும், சம்பந்தி," என்றார் பெரியப்பா. "அவங்க அப்புறம் வருவாங்க. நல்ல காரியம் பாருங்க."

குரலில் கோபம் இல்லை. காலணியை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

அடுப்படியில் இருந்த அக்காவுக்கு அது கேட்டது. இரண்டு கோப்பைத் தேநீரோடு குழாயடிக்குப் போனாள். உள்ளே வெற்றிலை பாக்குத் தட்டு மாறி, எல்லோரும் கைகுலுக்கி முடிந்தபோதும் இரண்டு பேரும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு அன்று பெரிய நிம்மதி. அவள் வாயைத் திறக்காதபோதுதான் பயப்பட வேண்டும் என்பது, சின்ன வயதிலிருந்து அவளிடம் அடி வாங்கிய எனக்கே மறந்துவிட்டது.

அன்று முதல் என் தலைக்குள் ஒரே படம். அக்கா தட்டோடு வருகிறாள். பெரியப்பா எழுந்திருக்கிறார். அவர் பின்னால் தெலுக் இந்தான் முழுவதும் எழுந்திருக்கிறது. பஸ் கிளம்புகிறது. மலர் மாலையோடு நிற்கிறாள்.

என் மாபெரும் திட்டம்

முதல் நாள் மத்தியானம் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஜெயா அடுப்படியில்.

"அக்கா, தட்டக் காணோம்."

"எந்தத் தட்டு?"

"தாலித் தட்டு. எல்லா எடத்துலயும் தேடிட்டேன்."

அக்கா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி விடு. மொறத்துல வச்சுத் தூக்கிட்டுப் போறேன்."

"மொறத்துலயா?"

"தட்டா முக்கியம்? தூக்குறது நாந்தானே லா."

என் திட்டம் முழுவதும் தட்டின் மேல் கட்டப்பட்டிருந்தது. அவள் ஒரு பூவைக் கிள்ளுகிற நேரத்தில் அதைச் சரித்துவிட்டாள். அடுத்த திட்டத்துக்குத் தாவினேன்.

"இல்லக்கா, ஈப்போவுல ஒரு வெள்ளித் தட்டு பாத்து வாங்கி வச்சிருக்கேன். ஜெயாவோட தங்கச்சி தூக்கட்டும். ஒனக்கு முட்டி வலி வேற."

"முட்டி வலி மேடு ஏறுறதுக்கு. தட்டு தூக்குறதுக்கு முட்டி எதுக்கு?"

"முட்டி அவருக்குத்தான் ஆடுது, அண்ணி," என்றாள் ஜெயா உள்ளேயிருந்து.

அக்கா பூவைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, நான் தூக்கக் கூடாதுன்னு நெனச்சீன்னா வாயத் தொறந்து சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். பின்னால நின்னு சோறு பரிமாறுறேன்."

வாயைத் திறந்தேன். வாழ்க்கை முழுவதும் ஓயாத வாய் அது. சந்தையிலும் லாரியிலும், உங்களிடம் வாராவாரமும் பேசுகிற வாய். காற்றுதான் வந்தது. என் காதில் தகரத்தில் தாலி உரசுகிற சத்தம் கேட்டது. கடைசியில் சொன்னேன், "அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?"

"யாரு?"

"பெரியப்பா."

"போனா ஒரு எலச் சோறு மிச்சம்."

அந்த நேரம் பார்த்து மலர் வாசலிலிருந்து வந்தாள். கையில் தட்டு. அதில் ஒரு கோஸ் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பா, சார்ஜர் தேடி லோரிக்குப் போனேன். ஒங்க சீட்டுக்குக் கீழ இருந்துச்சு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நானே சொன்னேன், "பாத்தியா, கெடச்சிருச்சு."

மலர் சிரிக்கவில்லை. தட்டை அக்காவின் மடியில் வைத்தாள். "அத்த தூக்கலன்னா நான் மேடைக்கு வரலப்பா."

அக்கா தூக்கினால் மாப்பிள்ளை வீடு போய்விடும். தூக்காவிட்டால் பெண்ணே வரமாட்டாள். இரண்டு பக்கமும் மண் சரிந்த மலைச்சாலையில், நடுவில் நிற்கிற லாரி நான்.

கெட்டிமேளம்

கல்யாணக் காலை. கோயிலை ஒட்டிய மண்டபம். பனி கதவு வழியாக உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மேளக்காரர்கள் ஈப்போவிலிருந்து வந்தவர்கள். குளிருக்குப் பழக்கமில்லாமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன்: தாலி ஏறும்போது நான் கையைத் தூக்குவேன், அப்போது கெட்டிமேளம்.

அக்கா தட்டோடு கிளம்பினாள். தலையில் ஒரு செவ்வந்தி. எங்கள் பக்கம் ஒவ்வொருவராக எழுந்து தட்டைத் தொட்டார்கள். பிறகு மாப்பிள்ளை பக்கம். முதல் நாற்காலியில் மீசை.

பெரியப்பா எழுந்தார்.

என் தலைக்குள் ஓடிய அதே படம், அதே நிறத்தில். "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்ல என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின.

மேளக்காரர்கள் நேர்மையான மனிதர்கள். கையைத் தூக்கினால் அடி என்றால் அடிப்பார்கள். கெட்டிமேளம் மண்டபத்தை உலுக்கியது. நம் ஜனங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கை நிற்காது. மாப்பிள்ளை கையில் தாலி இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அட்சதையை வீசினார்கள். தாலி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியாததால், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே வீசினார்கள். தட்டோடு நின்ற அக்காவின் மேலும், எதிரே நின்ற பெரியப்பாவின் மேலும் மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது.

மேளம் தடுமாறி நின்றது. அக்காவின் முடியில் அரிசி. பெரியப்பாவின் மீசையில் அரிசி. தாலி பத்திரமாகத் தட்டில்.

யாரோ ஒரு குழந்தை சிரித்தது. பிறகு மண்டபமே.

பெரியப்பா மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார், "இப்படி ஒரு வழக்கம் எங்க பக்கம் இல்லம்மா."

"எங்க பக்கம் இருக்குங்க," என்றாள் அக்கா, அதே தாழ்ந்த குரலில். "கல்யாணம் எங்க பக்கத்துலதானே நடக்குது. சம்பந்தியம்மா எங்க?"

அவர் கண் வாசலுக்குப் போய் வந்தது. "கொஞ்சம் வழி விடுறீங்களா," என்றாள் அக்கா.

இந்த இடத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஒரு கணம் தரையில் கிடந்த அரிசியைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டார். அக்கா அந்த வழியாக வெளியே போனாள்.

நானும் பின்னால் ஓடினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பயந்தவன் ஏதாவது ஒரு பக்கம் ஓடத்தானே வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்துக் குழாயடியில் நின்றார். இன்றும் குடையோடு. அக்கா தட்டை நீட்டினாள்.

"வேணாங்க்கா," என்று அவர் ஓரடி பின்வாங்கினார். "என் கைபட்டு புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"என் தம்பி கல்யாணத்துல நானும் இதேதான் சொன்னேன்," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் என்னைக் காட்டினாள். "அந்தா நிக்கிறான் பாருங்க. நல்லாத்தான் இருக்கான். கொஞ்சம் அதிகமாவே நல்லா இருக்கான்."

என் வயிற்றைப் பார்த்து அந்த அம்மா சிரித்துவிட்டார். இந்த உடம்பால் ஊருக்கு ஒரு பிரயோசனம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அவர் குடையை மடக்கினார். மடக்கிய குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். என் மகள் கல்யாணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

ஒரு குறை

சீர்திருத்தத் திருமணத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு குறைதான். ஓமம் இல்லாததால் புகை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் புகை மேல் பழியைப் போட வழியில்லை.

அம்மா தட்டோடு உள்ளே வருவதைப் பார்த்ததும் சரவணன் மேடையில் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கும் புகை இல்லை, எனக்கும் இல்லை. ஜெயா தன் முந்தானையை என் கையில் திணித்தாள். மேளக்காரர்கள் மட்டும் என் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் குடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெயர் தெரியாத அந்தப் பெண்ணை அப்போது நினைத்துக்கொண்டேன். கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து "குடு இங்க" என்று கையை நீட்டியவளை. அவள் நீட்டிய கை என் அக்காவின் கதவு வரைக்கும், தெலுக் இந்தானிலிருந்து வந்து குழாயடியில் நின்ற ஓர் அம்மா வரைக்கும் எட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. சாமான் லாரியில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஏறி வந்து, தெரியாத லயங்களின் முன்னால் தொண்டை கிழியப் பேசிவிட்டுப் போனவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால், தட்டைத் தேய்த்துக் கழுவி, இப்போது என் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். லாரியில் அல்ல.

பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தியில் இரண்டு தரம் பாயசம் வாங்கினார். சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னார். உண்மையிலேயே கம்மிதான்.

அன்று காலை நடந்தது இவ்வளவுதான். தாலித் தட்டை மேடைக்குக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அம்மா. அதிலிருந்து தாலியை எடுத்து மாப்பிள்ளை கட்டினான். யாரும் எழுந்து போகவில்லை.